ஐசிடி ஷாக் அடித்தால் இதயம் கெட்டுப்போகுமா?

இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களும் படிக்கக்கூடும் என்பதால், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 61. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் பம்பிங் 30 சதவீதமாகக் குறைந்ததால் எட்டு மாதத்துக்கு முன் ஐசிடி வைத்தார்கள் (இதயத் துடிப்பு ஆபத்தாக மாறினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய, உடலுக்குள் வைக்கும் கருவி). போன மாதம் படியேறும்போது ஒரு ஷாக். ஒன்பது நாள் கழித்துக் குளியலறையில் இன்னொன்று. இரண்டு முறையும் கருவியைச் சோதித்துவிட்டு, "தேவையான ஷாக்தான், கருவி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது" என்று சொல்லி மாத்திரையை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா இப்போது தனியாகக் குளிக்க மறுக்கிறார். அம்மா அவர் பக்கத்தில் படுக்கப் பயப்படுகிறார். "இதை எடுத்துவிடச் சொல், முடியாதென்றால் அணைத்துவிடச் சொல்" என்று அப்பா தினமும் சொல்கிறார். ஒவ்வொரு ஷாக்கும் இதயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறதா, தொட்டவர்களுக்கும் பாயுமா, தவறுதலாக அடிக்குமா, அணைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

பல வருடங்களாக இந்தக் கருவிகளைச் சோதித்து, அவற்றின் அளவுகளை மாற்றிக்கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் அப்பாவின் பதிவுகளை நான் பார்த்ததில்லை. அவருடைய மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் அவசரமாகச் சோதித்து அனுப்பும் இடத்தில் யாரும் நின்று விளக்காத விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றை இங்கே சொல்ல முடியும்.

மற்றதெல்லாம் பிறகு, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஷாக் அடித்து, அதன் பிறகு அப்பா தெளிவாக, வழக்கம்போல இருந்தால், பதற வேண்டாம். அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்குத் தெரிவித்து கருவியைச் சோதித்தால் போதும். 24 மணி நேரத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் அடித்தாலோ, ஒரே ஷாக்காக இருந்தாலும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், குழப்பம் ஏதாவது கூட வந்தாலோ, யோசிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்த நேரத்தில் அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் இறங்கும் என்பது என் அனுபவம். சோதனைக் கருவியின் தலையை நெஞ்சில் வைத்ததும், ஷாக் அடித்த நேரத்தின் பதிவு திரையில் வரும். தாளிலும் அச்சாகும். இடது ஓரத்தில் ஒழுங்கான துடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை மில்லிநொடி என்று கீழே எண்கள்: 720, 710, 730. திடீரென்று எண்கள் சரிகின்றன: 290, 280, 280. அதாவது நிமிடத்துக்கு 210 துடிப்புக்கு மேல். இதயத்தின் கீழறையில், பழைய மாரடைப்பின் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் செக்குமாடு போலச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த வேகத்தில் கீழறை நிரம்பவே நேரமில்லை. ரத்தம் வெளியேறுவது குறைகிறது, தலை லேசாகச் சுற்றுகிறது.

கருவி உடனே ஷாக் அடிப்பதில்லை. முதலில் எண்ணுகிறது. இத்தனை துடிப்பு இத்தனை வேகத்தில் வந்தால்தான் ஆபத்து என்று நாங்கள் கொடுத்த கணக்கைச் சரிபார்க்கிறது. அடுத்து, பல நேரங்களில், அந்தச் சுற்றோட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சின்னச் சின்ன மின்துடிப்புகளை உள்ளே செலுத்திச் சுற்றை உடைக்கப் பார்க்கிறது. இதற்கு வலியே கிடையாது. வேகமான கீழறைத் துடிப்புகளில் நான்கில் மூன்று பங்கு வரை இதிலேயே அடங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கே அவர் அறியாமல் இப்படிப் பல முறை நடந்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள்.

அதிலும் அடங்காவிட்டாலோ, சுற்றோட்டம் சிதறி இதயம் வெறுமனே உதறும் நிலைக்கு, அதாவது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்குப் போய்விட்டாலோதான் ஷாக். மூன்று வோல்ட் அளவில் இருக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து, ஏறக்குறைய 800 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டும். இதற்குப் பொதுவாக ஏழெட்டு நொடி பிடிக்கும். சேர்ந்த பிறகும் "இன்னும் அதே துடிப்புதானா?" என்று பெரும்பாலும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறது. தானாக நின்றிருந்தால் ஷாக்கை ரத்து செய்துவிடும். நிற்கவில்லை என்றால் பதிவில் செங்குத்தாக ஒரு கோடு விழும். அதன் பின் ஒரு நொடி, இரண்டு நொடி வெறும் நேர்கோடு. இந்த இடத்தில் குடும்பத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. இதயம் தாமதித்தால் கருவியே பேஸ்மேக்கராக மாறித் துடிக்க வைக்கும். கொஞ்ச நேரத்தில் எண்கள் மறுபடி 700-க்குத் திரும்பிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள்.

800 வோல்ட் என்றதும் பயமாக இருக்கும். ஆனால் அது பாயும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. மொத்த ஆற்றல் அதிகபட்சம் 35 முதல் 40 ஜூல். ஒரு கிலோ எடையை ஒரு மாடி உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல்தான் அது. வெளியிலிருந்து நெஞ்சில் ஒட்டி அடிக்கும் டிஃபிப்ரிலேட்டர் 120 முதல் 200 ஜூலும், சில வகைகளில் 360 ஜூல் வரையும் செலுத்துகிறது, தோலையும் விலா எலும்பையும் நுரையீரலையும் கடந்து போக வேண்டியிருப்பதால். லீட் என்னும் வயர் இதயத்துக்கு உள்ளேயே இருப்பதால் ஐசிடிக்குக் குறைவாகப் போதும். தோலுக்கடியில் மட்டும் வயர் ஓடும் வகைக்கு 80 ஜூல் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஏன் அவ்வளவு வலி? மின்சாரம் பாயும் வழியில் இருக்கும் நெஞ்சுத் தசை, தோள் தசை, நரம்பு எல்லாம் ஒரே கணத்தில் இழுத்துச் சுருங்குவதால். "யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள், சிலர் நெஞ்சுக்குள் வெடி வெடித்தது என்பார்கள். ஷாக்குக்கு முன்பே நினைவு தப்பியவர்களுக்கு எதுவுமே தெரியாது, கீழே கிடந்து எழுந்தது மட்டும் நினைவிருக்கும். வலி எவ்வளவு என்பதற்கும் இதயத்துக்கு எவ்வளவு பாதிப்பு என்பதற்கும் தொடர்பில்லை. இதை அப்பாவிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஷாக் இதயத்தைக் கெடுக்கிறதா? நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது.

பலமான மின்புலம் இதயத் தசைச் செல்களின் உறையில் கணநேரத் துளைகளை உண்டாக்கும். அவை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஷாக்குக்குப் பின் சிறிது நேரம் தசை மந்தமாகச் சுருங்குவதும் உண்டு. இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கொஞ்சம் ஏறலாம். அதனால்தான் ஷாக் அடித்த அன்று எடுத்த டிரோபோனினை வைத்து மட்டும் "மறுபடியும் மாரடைப்பு" என்று முடிவு கட்ட மாட்டார்கள். ஒன்றிரண்டு ஷாக்கால் இதயத்துக்கு நிலையான சேதம் வருகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அடுத்தடுத்துப் பத்து, இருபது என்று அடித்தால் கதை வேறு. ஏற்கெனவே பலவீனமான இதயம் அதில் மேலும் களைத்துப்போகும்.

ஆனால் இணையத்தில் தேடினால் வேறொரு செய்தி கண்ணில் படும், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பம்பிங் குறைந்தவர்களுக்கு ஐசிடி வைத்துத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில் 811 பேரில் 269 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, ஷாக் அடித்தது. தேவையான ஷாக் வாங்கியவர்களிடம், ஷாக்கே வாங்காதவர்களைவிட, பின்னாளில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. தவறுதலான ஷாக் வாங்கியவர்களிடம்கூட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2008-ல் வெளியான முடிவு இது. படிப்பவர்களுக்கு ஷாக்தான் ஆளைக் கொல்கிறது என்று தோன்றும்.

அந்த மரணங்களுக்கு எது மிக அதிகமாகக் காரணமாக இருந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்: இதயச் செயலிழப்பு முற்றியதால். கீழறைத் துடிப்பு தறிகெட்டு ஓடத் தொடங்குவதே, பல நேரங்களில், உள்ளே இதயம் மோசமாகிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். காய்ச்சல் மானியில் பாதரசம் ஏறினால் மானியா குற்றவாளி? தவறுதலான ஷாக்கும் அப்படித்தான் பெரும்பாலும். அது இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும் கோளாறு, அதாவது மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது, அவர்களின் இதயம் ஏற்கெனவே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கும். ஆனாலும் ஷாக்குக்கும் மற்றச் சிகிச்சைத் துடிப்புகளுக்கும் இதில் கொஞ்சமும் பங்கில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2012-ல் 1,500 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு எங்கள் வேலையையே மாற்றியது. கருவி அவசரப்படாமல், நிமிடத்துக்கு 200-க்கு மேல் போனால் மட்டும் தலையிடும்படி, அல்லது அதற்குக் கீழான வேகங்களில் நீண்ட நேரம் காத்திருக்கும்படி அமைத்தார்கள். தேவையற்ற சிகிச்சை வெகுவாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், இறப்பும் குறைந்தது. அதற்கு முன்பெல்லாம் 170 தாண்டினாலே பாய்ந்துவிடும்படி நாங்கள் அமைத்துக்கொண்டிருந்தோம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். "தேவையான ஷாக்தான்" என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். இத்தனை மாதம் அமைதியாக இருந்த இதயத்தில் பத்து நாளுக்குள் இரண்டு முறை புயல் கிளம்பியதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடினால் பல சமயம் கிடைக்கும். மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போயிருக்கும். வயிற்றுப்போக்கு வந்து பொட்டாசியம், மக்னீசியம் இறங்கியிருக்கும். நீர் பிரிக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார்கள், பொட்டாசியம் அதனாலும் போகும். காலில் நீர் கட்டி, இரண்டு மூன்று கிலோ எடை கூடியிருக்கும். காய்ச்சல், தைராய்டு மாற்றம், புதிதாகச் சேர்த்த மாத்திரை, ரத்தக்குழாயில் புதிய அடைப்பு எதுவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை, எக்கோ, இசிஜி மூன்றும் எடுத்தார்களா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அது மரியாதைக் குறைவான காரியமல்ல.

மாத்திரை மாற்றியும் தொடர்ந்தால் அடுத்த வழி அப்லேஷன். தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை உள்ளே செலுத்தி, தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்கும் பாதையைச் சூடேற்றி அடைத்துவிடுவார்கள். மாரடைப்புத் தழும்பால் வரும் துடிப்புகளுக்கு நல்ல பலன் தரும் சிகிச்சை இது, ஷாக்குகள் வெகுவாகக் குறையும். இரண்டு ஷாக்குக்குள் இதைப் பற்றிப் பேசுவது சீக்கிரம் என்று சில மருத்துவர்கள் நினைக்கலாம். என்னைக் கேட்டால், கேட்டு வைப்பதில் தவறில்லை.

தவறுதலாக அடிக்குமா என்றால், அடிக்கும். மேலறை நடுக்கத்தில் துடிப்பு கண்டபடி வேகமாகும்போது அதைக் கீழறையின் கோளாறு என்று கருவி நினைத்துவிடலாம். மூச்சிரைக்க ஓடும்போது இயல்பாகவே ஏறும் வேகத்தைத் தவறாகப் படிக்கலாம். மிக மோசமானது லீட் பழுது. உள்ளே இருக்கும் வயரின் இழை விரிசல் விட்டால் பதிவில் கரகரவென்று மின் இரைச்சல் கிளம்பும், கருவி அதைத் துடிப்பு என்று எண்ணி, எந்தக் கோளாறும் இல்லாத ஆளுக்கு, முழு நினைவோடு இருக்கும்போது, வரிசையாக அடித்துத் தள்ளும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலியில் துடித்த அந்த மனிதரின் கருவி மேல் காந்தம் ஒன்றை வைத்துத் தற்காலிகமாக நிறுத்தினோம். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒவ்வொரு சோதனையிலும் லீட்டின் மின்தடை எண்ணை முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. வீட்டிலிருந்தே பதிவுகளை அனுப்பும் தொலைக் கண்காணிப்புப் பெட்டி இருந்தால் இந்த மாற்றத்தை முன்கூட்டியே பிடித்துவிடலாம். அப்பாவின் கருவிக்கு அந்த வசதி உண்டா என்று விசாரியுங்கள். அப்பாவின் இரண்டு ஷாக்கும் பதிவைப் பார்த்துத் தேவையானவை என்று சொல்லியிருப்பதால், அவருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். பக்கத்தில் படுக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம், கட்டிப்பிடிக்கலாம், தாம்பத்தியத்துக்கும் தடையில்லை. மின்சாரம் பாய்வது இதயத்துக்குள் இருக்கும் லீட்டின் சுருளுக்கும் தோலுக்கடியில் இருக்கும் கருவிக்கும் நடுவே. தொட்டுக்கொண்டிருப்பவருக்கு அதிகம் போனால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும். ஆபத்து இல்லை. பேரக்குழந்தை மடியில் இருந்தாலும் அப்படியே. அப்பாவின் உடல் திடீரெனத் தூக்கிப் போடுவதில் அவர் கை பக்கத்தில் இருப்பவர்மேல் இடிக்கலாம், அவ்வளவுதான். குளிக்கும் தண்ணீரும் இதில் எதையும் மாற்றாது. தையல் ஆறிய பிறகு கருவிக்குள் தண்ணீர் போக வழியே இல்லை. வெளி டிஃபிப்ரிலேட்டர் விஷயம் வேறு: அதன் ஷாக் நெஞ்சின் மேற்பரப்பு வழியாகப் பாய்வதால் "எல்லோரும் விலகுங்கள்" என்று கத்துவார்கள், ஈரத்தைத் துடைப்பார்கள், ஆக்சிஜனைத் தள்ளி வைப்பார்கள். அந்தக் காட்சிகளைப் பார்த்துப் பழகியதால்தான் பலருக்கும் இந்தப் பயம் வருகிறது என்று நினைக்கிறேன்.

மின்சாரம்தான் இதயத்தை நிறுத்தும், அதே மின்சாரம்தான் மீட்கும் என்பது ஜெனிவாவில் பிரெவோ, பட்டெல்லி என்ற இருவர் 1899-ல் நாய்களிடம் கண்டது. சின்ன அளவு உதறலைத் தூண்டியது, பெரிய அளவு அதை அடக்கியது. மனிதரிடம் முதலில் பலித்தது 1947-ல். கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், அறுவையின்போது இதயம் உதறத் தொடங்கிய 14 வயதுப் பையனின் நெஞ்சைத் திறந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தார். பையன் பிழைத்தான். உடலுக்குள் வைக்கும் கருவிக்குப் பின்னால் இருப்பது ஒரு மனிதரின் துக்கம். மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரின் ஆசான் 1966-ல் இதே கீழறைத் துடிப்புக் கோளாறால் இறந்துபோனார். எந்நேரமும் மருத்துவமனையில் மானிட்டரோடு கட்டிப்போட்டு வைக்காமல் இப்படிப்பட்டவர்களை எப்படிக் காப்பது என்று யோசித்த மிரோவ்ஸ்கி, டிஃபிப்ரிலேட்டரையே சுருக்கி உடலுக்குள் வைத்துவிட வேண்டும் என்றார். பெரிய நிபுணர்களே அன்று அதை ஏற்கவில்லை. 1980 பிப்ரவரி 4 அன்று பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கால் கிலோ எடை, நெஞ்சைத் திறந்து வயரைப் பொருத்தி, கருவியை வயிற்றில் வைக்க வேண்டியிருந்தது. இன்று உங்கள் அப்பாவின் தோளெலும்புக்குக் கீழே இருப்பது அதன் வழித்தோன்றல்தான். இந்தக் கதையைச் சில நோயாளிகளிடம் சொல்வதுண்டு. தன் நெஞ்சில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன்மேல் கொஞ்சம் வாஞ்சை வருகிறது.

குளியலறைக் கதவுக்கு முன்னால் அப்பா தயங்கி நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரி. இதைப் பிடிவாதம் என்றோ, வயதானவரின் தொந்தரவு என்றோ எண்ணிவிடாதீர்கள். ஷாக் வாங்கியவர்களில் கணிசமானவர்களுக்கு, விபத்திலோ போரிலோ சிக்கி மீண்டவர்களுக்கு வருகிற அதே மன அதிர்ச்சி வருகிறது. தூக்கம் போகும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், ஷாக் அடித்த இடத்தையும் அப்போது செய்த வேலையையும் தவிர்ப்பார்கள். அடிக்காத ஷாக்கை அடித்ததாக உணர்வதும் உண்டு. தூக்கத்திலிருந்து அலறி எழுவார்கள், பதிவில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உடல் அந்த வலியை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருவார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அவருக்கு ஷாக் அடித்தது. முதலில் அந்த நாற்காலியை விட்டார். பிறகு அந்த அறையை. பிறகு பேப்பர் படிப்பதையே. நான்கு மாதத்தில் படுக்கையை விட்டு எழவே யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கருவியிலும் இதயத்திலும் அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. ஒருநாள் அச்சான பதிவை அவர் கையில் கொடுத்தேன். நேர்கோட்டுக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே விரலை வைத்து, "இவ்வளவு தூரம்தானா நான் இல்லாம இருந்தது?" என்று கேட்டார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவே மருந்தாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மனநல மருத்துவரிடம் அனுப்பினோம், சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் பயிற்சி பல வாரம் நடந்தது, இதய மறுவாழ்வுப் பயிற்சியில் கண்காணிப்போடு நடக்க வைத்தார்கள். முதலில் அறை வாசல் வரை, பிறகு நாற்காலியில் ஐந்து நிமிடம், அப்படிப் படிப்படியாக.

உங்கள் வீட்டிலும் அப்படியே தொடங்கலாம். கதவைத் தாழிடாமல் குளிக்கட்டும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள், வெளியே யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். பத்து நாளில் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். ஷாக் அடித்தது அந்த இடத்தாலோ குளித்ததாலோ அல்ல என்பதை அவர் உடல் கற்றுக்கொள்ள வேண்டும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். உணவு, தூக்கம், பேச்சு குறைந்திருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கள் துறை இதில் பல காலம் அலட்சியமாக இருந்தது. கருவியைச் சோதித்தோம், ஆளைக் கேட்கவில்லை.

செல்போன், அடுப்பு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. போனைச் சட்டையின் இடது பையில் வைக்க வேண்டாம், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் போதும், காந்தம் பொருத்திய புதுப் போன்களுக்கு இது இன்னும் முக்கியம். இண்டக்‌ஷன் அடுப்பில் நெஞ்சைச் சாய்க்க வேண்டாம், வெல்டிங் பக்கம் போக வேண்டாம், எந்த அறுவை சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும்.

அணைப்பதைப் பற்றி. ஷாக் கொடுக்கும் பகுதியை மட்டும் வெளியிலிருந்தே, வலியில்லாமல், சில நிமிடத்தில் நிறுத்த முடியும். பேஸ்மேக்கர் வேலை தொடரும், வேண்டுமென்றால் திரும்பவும் இயக்கலாம். நிறுத்திய உடனே உயிர் போகாது. அப்படிக் கேட்க அப்பாவுக்கு முழு உரிமையும் உண்டு, எந்த நல்ல மருத்துவரும் அந்தக் கேள்விக்காகக் கோபிக்கக் கூடாது. குணமாக்க முடியாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களிடம் இதை நாங்களே பேச்செடுக்கிறோம், கடைசி நேரத்தில் ஷாக் அடித்து அமைதியைக் குலைக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை. கருவி தலையிட்ட இரண்டு முறையும் அது இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவரிடம் பதிவை வைத்துக்கொண்டு அவரே கேட்கட்டும். இதயம் உதறத் தொடங்கியவருக்கு ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். வீட்டுக் குளியலறைக்கு எந்த ஆம்புலன்ஸும் பத்து நொடியில் வராது. அவர் அணைக்கச் சொல்வது வலிக்குப் பயந்து என்றால், முதலில் வலியின் காரணத்தையும் பயத்தையும் சிகிச்சை செய்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் அதே பதில் என்றால், அது அவர் யோசித்துச் சொன்ன பதில்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. அப்பா என்றாவது கீழே விழுந்து, கூப்பிட்டால் பேசாமல், சரியாக மூச்சு விடாமல் இருந்தால், "கருவி பார்த்துக்கொள்ளும்" என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கருவி நடுவில் ஷாக் அடித்தால் உங்கள் கையில் சுரீரென்று படலாம், நிறுத்த வேண்டாம். அக்கம்பக்கத்தில் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதன் பட்டையைத் தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் கருவியின் மேல் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி ஒட்டினால் போதும். ஷாக் தேவைப்படாத துடிப்பு என்றால் அந்த இயந்திரம் ஷாக்கே கொடுக்காது, தவறாக அடித்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நெஞ்சை அழுத்தும் பயிற்சியை அம்மாவும் நீங்களும் சேர்ந்தே ஒருநாள் கற்றுக்கொண்டு வாருங்கள். அடுத்த சோதனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், ஷாக் அடித்த நாளும் நேரமும் அதற்கு முந்தைய இரண்டு நாளில் உடம்பு எப்படி இருந்தது என்பதும் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.